பதிமூணுக்கு அப்புறம்

பின்கதவைத் தட்டியது கரிக்காரர் என்று தெரிந்ததுமே என்னவோ நடந்திருக்கிறது என்று கட்டம்மாவுக்குப் பட்டது. சலவை ஆலையில் அவளுடைய அண்ணனோடு ஒரே பாய்லருக்கு முன்னால் இத்தனை வருஷம் நின்று கரி அள்ளிப் போடுகிறவர் அவர். வந்தால் முன்வாசல் வழியாகத்தான் வருவார். அதுவும் தெருமுனையிலிருந்தே யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டு. இன்று செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"உள்ள வாங்கண்ணே. அண்ணன் குளிக்கிறாரு."

"அதுக்குத்தான் இந்த நேரமா பார்த்து வந்தேன். நீ வெளில வா, தங்கச்சி."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே இருவரும் நின்றார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் கரிக்காரரின் கண்ணிமையை விட்டுக் கரி போகாது. மை தீட்டிய மாதிரியே இருக்கும். அந்தக் கண் இன்று ஓர் இடத்தில் நிற்கவில்லை.

"பதிமூணுன்னா என்ன, தங்கச்சி?"

"என்ன பதிமூணு?"

"அதத்தான் உன்கிட்டக் கேக்குறேன். நேத்து மத்தியானம் நான் கரி வண்டிய இழுத்துட்டு வர்றேன். ஆவி அழுத்தம் காட்டுற முள்ளு பத்தத் தாண்டி நிக்குது. நம்ம பாய்லர் ஓடுறது எட்டுல. பத்தத் தொட்டா மேல இருக்கிற வால்வு தானா வாயத் தொறந்து ஆவிய வெளில விட்டுடும். நேத்து விடல. முள்ளு பாட்டுக்குப் பதினொண்ணு, பதினொண்ணரைனு ஏறுது. நிமிந்து பாக்குறேன், வால்வுக் கைல ஒரு இரும்புத் துண்டக் கம்பி போட்டுக் கட்டித் தொங்க விட்டிருக்கு."

"யாரு?"

கரிக்காரர் குளியலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

"ஏறிக் கம்பிய வெட்டி விட்டேன். ஊதிச்சு பாரு ஒரு ஊது, காது இன்னும் அடைச்சிருக்கு. சுவத்துக்கு அந்தப் பக்கம் தேய்க்கிற பொம்பளைங்க ‘ஐயோ’ன்னு கத்திட்டு, அப்புறம் சிரிக்குதுங்க. உங்கண்ணன் மடிச்ச பேப்பரக் கைல வெச்சிட்டு முக்காலில உக்காந்திருக்காரு. ‘என்னண்ணே இது’ங்குறேன். ‘பதிமூணு வரைக்கும் விட்டிருக்கலாமேப்பா, அவ பதிமூணுன்னுதான சொன்னா’ங்குறாரு. யாரு தங்கச்சி அவ?"

கட்டம்மா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் ‘அவ’ என்பது அண்ணியைத்தான் என்று அவளுக்குத் தெரியும். பதிமூன்று எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, அடுத்தது என்ன? நேற்றைய பேப்பரின் எண் புதிர். அதை எழுதியது கட்டம்மாதான்.

"மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. சொன்னா அந்த நிமிஷமே உங்கண்ணன் வெளில. நான் அவர் கையால சோறு வாங்கித் தின்னவன்." கரிக்காரர் முகத்திலிருந்த மழைத்தண்ணீரை வழித்தார். "இன்னைக்கும் நாளைக்கும் நான் பக்கத்துலயே இருப்பேன். ஆனா ஒருத்தன் கண்ணுல எத்தன நாளைக்கு விளக்கெண்ணெய ஊத்திட்டுப் பாத்துட்டிருக்க முடியும்? ஏதாவது பண்ணு."

வந்த வழியே போய்விட்டார்.

கட்டம்மா என்பது அவளுக்குப் பத்திரிகை ஆபீஸ்காரர்கள் வைத்த பெயர். குறுக்கெழுத்து, எண் புதிர், பொது அறிவுக் கேள்வி என்று தினசரியின் பின்பக்கத்து மூலையை நிரப்புகிறவள் அவள். அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பானவரை அவள் பக்கத்துக்காரர் என்பாள். "பக்கத்துக்காரர் கூப்பிட்டார், பக்கத்துக்காரர் பேசினார்னு சத்தமாச் சொல்லாதடி, தெருவுல என் மானம் போகுது" என்று பஸ் ஓட்டும் அவள் கணவர் சொல்லாத நாளில்லை.

வேலை நடப்பது சாப்பாட்டு மேசையில். பென்சில், அளவுகோல், ரப்பர். சோறு வேகிற நேரத்தில் கட்டம் போட்டு, துவைக்கிற நேரத்தில் சொல்லை மனசுக்குள் புரட்டி, துணியை உதறும்போது குறிப்பைப் பிடிப்பாள். சொல் கிடைப்பது கஷ்டமில்லை. சொல்லும் சொல்லும் குறுக்கே வெட்டும் இடத்தில்தான் உயிர் போகும். ஆசையாக ‘எண்ணெய்’ என்று போட்டுவிட்டு அந்த ‘ணெ’யைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு சொல் தேடினால் வெண்ணெயை விட்டால் வேறு நாதியில்லை. அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் பல நாள் எழுந்திருப்பாள்.

அண்ணனும் அண்ணியும் அந்தப் புதிர்களுக்கு முதல் வாசகர்கள். அண்ணி அடுப்படியில் நின்றபடி குறிப்பைச் சத்தமாகப் படிப்பாள். அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டே விடை சொல்வார். எந்தப் பறவைக்குப் பறக்க வராது, எந்த உலோகம் தண்ணீர் மாதிரி ஓடும் என்றெல்லாம் அண்ணிக்கு விரல் நுனியில் இருந்தது. குறிப்பு சுலபமாக இருந்துவிட்டால் கட்டம்மாவைத் தேடி வந்து சண்டை போடுவாள்: "என்னம்மா இது, புள்ளைங்களுக்குப் பால் கரைச்ச மாதிரி?"

சென்ற மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணி உயிரோடு திரும்பவில்லை. அண்ணனைத் தனியாக விட மனமில்லாமல் கட்டம்மா தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். அண்ணன் அழவில்லை. ஒரே ஒரு தடவை சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "அந்த ஆஸ்பத்திரித் துணியெல்லாம் எங்க சலவை ஆலைக்குத்தான் வருது, பாப்பா. அவ படுத்திருந்த விரிப்பும் வந்திருக்கும். நான் ஏத்தின ஆவியிலதான் வெளுத்திருக்கும். எது அவளோடதுன்னு தெரியாம போச்சு."

அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்தது. காலையில் பேப்பரை மடித்துவைத்துக்கொண்டு புதிர் போடுவது மட்டும் நிற்கவில்லை. மனசுக்கு ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்று கட்டம்மாவும் நினைத்துக்கொண்டாள்.

குளித்துவிட்டு வந்த அண்ணன் மேசையில் உட்கார்ந்தார். அவருக்கு மதியம்தான் வேலை. கட்டம்மா கஞ்சியையும் அவித்த முட்டையையும் வைத்தாள். அவர் முட்டையை மேசையில் மெல்லத் தட்டி, ஓடு சிதறாமல் ஒரே சுருளாக உரித்தார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"கரிக்காரன் வந்துட்டுப் போனானா? வாசனை அடிக்குது."

"பயந்துபோயிருக்கார், அண்ணா."

"அவன் பயந்தாங்கொள்ளி. நல்லவன்."

"பதிமூணு நான் போட்டது. முந்தின ரெண்டையும் கூட்டினா அடுத்தது. அஞ்சும் எட்டும் பதிமூணு. கூட்டல் கணக்கு, அவ்வளவுதான்."

"தெரியும். அவளுக்கு ரொம்பப் பிடிச்ச வரிசை அது."

"நான்தானேண்ணா எழுதினேன்?"

"உன் கை எழுதுது." அவர் பொறுமையாகச் சொன்னார், பஸ் எந்தப் பக்கம் வரும் என்று வழி சொல்கிற மாதிரி. "ஒரு சொல்லப் போடறே. ஏன் அந்தச் சொல்லு?"

"தோணுது, போடறேன்."

"எங்கேர்ந்து தோணுது?"

 இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"போன வாரம் ‘வாசல்’னு போட்டே. அது பக்கத்துலயே ‘நனை’. அன்னைக்குச் சாயங்காலம் நான் வாசல்ல நின்னேனா? மழை வந்துச்சா?"

வந்தது. அண்ணன் தொப்பலாக நனைந்து நின்றதையும், பஸ் ஓட்டிவிட்டு வரும் தன் கணவருக்காகக் காத்திருக்கிறார் என்று தான் நினைத்ததையும் கட்டம்மா நினைத்துப் பார்த்தாள்.

"மகுடம் தலையை இழந்தால் தண்ணீர் பிடிக்கலாம்னு ஒரு குறிப்பு. குடம். அன்னைக்கு வீட்டுல இருக்கிற அத்தனை பாத்திரத்துலயும் நான் தண்ணி புடிச்சு வெச்சேன். நீகூடத் திட்டினே. மறுநாள் குழாய்ல தண்ணி வந்துச்சா?"

"வரல."

"பார்த்தியா?"

 குழாய் ரிப்பேர், மழைக்காலத்தில் மழை என்று அறிவு சொன்னது. ஆனால் அறிவு சொல்வது ஒரு பக்கமும் உடம்பு நடுங்குவது ஒரு பக்கமுமாக இருந்தது.

"பதிமூணுல என்னண்ணா இருக்கு?"

"போய்ப் பார்த்தாத்தான தெரியும்?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் அத்தனை பொம்பளைங்க நிக்கிறாங்க."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆகற மாதிரி அவ சொல்ல மாட்டா." கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "நேத்து இவன் கெடுத்துட்டான். பரவால்ல. இன்னொரு தடவ சொல்லுவா."

அவர் பின்பக்கம் போனதும் கட்டம்மா பக்கத்துக்காரருக்குப் போன் போட்டாள். குரலைத் தாழ்த்தி, இனி வர வேண்டிய புதிர்களையெல்லாம் நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டாள்.

"என்னம்மா, தப்பு கிப்பு ஆயிடுச்சா? வெள்ளிக்கிழமைக்கு வேணும்னா மாத்திக்கலாம், இன்னைக்குள்ள குடுத்துடு. சனிக்கிழமை இணைப்பு முன்னாடியே அச்சாகிக் கட்டுக் கட்டாக் கிடக்கு. அதுல கை வைக்க முடியாது."

சனிக்கிழமைக்கு என்ன எழுதினோம் என்று அவள் யோசித்தாள். பெரிய கட்டம். முதல் குறிப்பு: ‘கொதிக்கும் நீரிலிருந்து எழும், உடலை விட்டும் போகும்.’ விடை, ஆவி. எழுதிய அன்று தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்ட குறிப்பு. அதற்குக் கீழே எண் புதிர்: மூன்றுக்கு மூன்று மாயக்கட்டம். எப்படிக் கூட்டினாலும் ஒரே விடை வரும். பதினைந்து.

போனை வைத்துவிட்டுப் பென்சிலையும் அளவுகோலையும் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஆபத்தில்லாத கட்டம் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தாள். வீட்டுச் சாமான்களாகவே போடலாம். கரண்டி. சரி. கத்தி? வேண்டாம். அடுப்பு? ஐயோ. கயிறு, ஏணி, திரி, எதுவும் ஆகாது. பூ, பறவை என்று போவோம். மலர் என்றால் அண்ணி கல்லறைக்குப் போ என்றாகுமோ? பறவை என்றால் பற என்று பிரித்துவிடுவாரோ? நேற்று வரை நாய்க்குட்டிகள் மாதிரி அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்த சொற்கள் இன்று ஒவ்வொன்றும் பல்லைக் காட்டின. தலையணை என்று எழுதினாள். பயந்துபோய் அழித்தாள்.

அப்போதுதான் எதிர் நாற்காலியில் அண்ணன் வந்து உட்கார்ந்ததைக் கவனித்தாள். அவர் அவளுடைய இன்னொரு பென்சிலை எடுத்து, பிளேடால் மெல்ல மெல்லச் சீவி, முனையை விரலில் குத்திப் பார்த்து அவள் பக்கம் நீட்டினார். பிறகு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் என்றால் இப்படித்தான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதே கண்கள். 

அவர் வேலைக்குக் கிளம்பும் வரை ஒரு எழுத்துகூட அவளால் எழுத முடியவில்லை. கிளம்பிய பிறகு, கடவுளே மன்னித்துக்கொள் என்று ஒரு காரியம் செய்தாள். ‘நோய்க்கு வழி சொல்பவர்.’ மருத்துவர். ‘பேச்சைத் தட்டாமல் நட.’ கேள். ‘விழித்திருந்தவனுக்கு வேண்டியது.’ உறக்கம். எண் புதிரில் விடை எட்டு வரும்படி ஒரு கணக்கு. செத்தவளின் குரலை எடுத்துப் பேசுகிறோம் என்ற நினைப்பு உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர் பனியனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மேஸ்திரிகிட்டச் சொல்லிடு. நாளைக்கே."

"வேலை போயிடும்ங்க. அந்தப் பாய்லர் ஒண்ணுதான் அவருக்கு மிச்சம்."

"உயிர் போறதுக்கு வேலை போகட்டுமேடி. மச்சான் உயிர் மட்டுமா?"

"நாளைக்குக் கட்டம் வரட்டும். அதைப் பார்த்து டாக்டர்கிட்ட வர்றேன்னு சொல்லுவார். பாருங்களேன்."

"கட்டம் பார்த்து ஆன வியாதிக்குக் கட்டமே மருந்தா?" என்றார் அவர். அது கிண்டல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் புதிரை முடிக்க எவ்வளவோ நேரம் எடுத்துக்கொண்டார். கட்டம்மா பாத்திரம் துலக்குகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பென்சில் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இது அவ இல்ல. இது நீ."

அவள் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. "எப்படிண்ணா சொல்றே?"

"அவ இவ்வளவு சுலபமாக் கேக்க மாட்டா." அவர் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. "பயப்படாத பாப்பா. நான் கோவிச்சுக்கல. நாளைக்குச் சனிக்கிழமை. பெரிய கட்டம். அதுல வந்துடுவா."

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வாசலில் விழுந்த பேப்பரை இணைப்போடு எடுத்து அடுப்பில் வைத்தாள் கட்டம்மா. ஈரக்காற்றில் நனைந்திருந்த தாள் எரியாமல் புகைந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதி ஊதி எரித்தாள். அண்ணன் வந்து கேட்டபோது, "இன்னைக்குப் பேப்பர் வரலண்ணா" என்றாள். அவர் அடுப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரி" என்றார். மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பியதும்தான் கட்டம்மா மூச்சு விட்டாள். பாத்திரம் துலக்கி, துணி துவைத்து முடித்தபோதுதான் சுரீரென்று உறைத்தது. ஆலை வாசலுக்கு எதிரேயே டீக்கடை. கடை முகப்பில் கயிறு கட்டி வரிசையாகப் பேப்பர் தொங்கும். இந்தச் சின்ன விஷயம் தோன்றாமல் காலையில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்திருக்கிறோம்!

வீட்டில் போட்டிருந்த செருப்போடேயே ஓடினாள். மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றையும் உதறிவிட்டு ஓடினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஆலை தெரிந்ததும் புகைபோக்கியைப் பார்த்தாள். கரும்புகை கெட்டியாக, அவசர அவசரமாக வந்துகொண்டிருந்தது.

அண்ணனிடம் போகவில்லை அவள். நேரே மேஸ்திரியின் அறைக்குப் போனாள். மூச்சு வாங்க, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் கையாலேயே அண்ணனைக் குழியில் தள்ளுகிற மாதிரி இருந்தது.

"புதிரைப் பார்த்தா பாய்லர் ஓட்டுறார்?" மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா நீ? அவரு எனக்கே தொழில் சொல்லிக் குடுத்தவரும்மா."

"ஐயா, உங்க கால்ல விழறேன், முள்ளப் பாருங்க."

தேய்ப்புக் கூடத்துச் சுவரில், ஆவிக் குழாய் உள்ளே வரும் இடத்தில் ஒரு முள் இருந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே உதட்டில் காய்ந்தது. முள் பத்தைத் தாண்டியிருந்தது. வால்வு ஊதும் சத்தம் எங்கும் இல்லை.

"எல்லாரும் வெளியே போங்க! போட்டது போட்டபடி போங்க!"

பெண்கள் என்னவோ ஏதோ என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அந்தக் கூட்டத்தை எதிர்த்து நுழைந்து, கட்டம்மா பாய்லர் கூடத்துப் பக்கம் ஓடினாள். கதவுக்கு வெளியே கரிக்காரர் நின்று இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். கரி வண்டி கவிழ்ந்து கிடந்தது.

"கரி கொண்டான்னு அனுப்பினாரு, தங்கச்சி. திரும்பி வந்தா உள்ள தாழ்! கண்ணுல மண்ணத் தூவிட்டாரு."

கதவுக்குப் பக்கத்தில் கம்பி போட்ட சின்ன ஜன்னல். கட்டம்மா அதைப் பிடித்தாள், கம்பி சுட்டது. உள்ளே உலை வாயின் சிவப்பு வெளிச்சத்தில் அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சனிக்கிழமை இணைப்பு. வேர்வை முகத்தில் ஆறாக ஓடியது. பாய்லரின் இரும்பு, வயிற்றுவலிக்காரன் முனகுகிற மாதிரி முனகியது.

"அண்ணா, கதவைத் திற!"

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது. "நீ ஏன் வந்தே? போ, பாப்பா."

"முள்ளு எங்க நிக்குது?"

"பன்னெண்டு. எப்படிக் கூட்டினாலும் பதினஞ்சுதான் வருது. சாய்வாக் கூட்டினாலும் அதே. ஆவின்னு வேற சொல்லியிருக்கா. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

கட்டம்மாவுக்கு வாதம் செய்ய ஒன்றும் தோன்றவில்லை. பிழை இருக்கிறது என்று பொய் சொல்லலாம். அவர் கூட்டிப் பார்ப்பார். கணக்கு சரியாகத்தான் இருக்கும். சரியாகத்தானே போட்டாள்! கால் இரண்டும் ஓடு ஓடு என்றன. அவள் ஜன்னல் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, ஏத்து. நான் இங்கயே நிக்கிறேன்."

"நீ நிக்கக் கூடாது! அவ உன்னைச் சொல்லல."

"வெடிச்சா ஆள் பார்த்தாண்ணா வெடிக்கும்? அவ உன்னைத்தான் கூப்பிடறான்னே வெச்சுக்குவோம். நான் போக மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு, கை சுடுது. ஆனா போக மாட்டேன்."

"கரிக்காரன் எங்க? அவன் உன்னைத் தூக்கிட்டுப் போகட்டும்!"

"இங்கதாண்ணே இருக்கேன்" என்றார் கரிக்காரர்.  "ஓடணும்னுதான் இருக்கு. கால் வர மாட்டேங்குது. சத்தியமா வர மாட்டேங்குது."

அண்ணன் முள்ளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மறுபடி முள்ளை. ஒரு குழந்தை இரண்டு பக்கமும் கூப்பிடப்பட்டு நடுவில் நிற்குமே, அந்த மாதிரி எழுந்து நின்றார். "போங்களேன்" என்று கெஞ்சினார். "போங்களேன் ரெண்டு பேரும்!" இருவரும் போகவில்லை. உள்ளே எங்கோ ஓர் ஆணி தெறித்த மாதிரி சத்தம் கேட்டது. கட்டம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏணியில் ஏறும் காலடி கேட்டது. பிறகு இரும்பு தரையில் விழும் ஓசை. அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் உலகமே ஆவியாகிப் போனது மாதிரி இருந்தது. வால்வு திறந்து, கூரைக்கு மேலே வெள்ளையாகப் பீய்ச்சி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர, நெடுநேரம் ஊதியது. அது ஓயும் வரை அவள் கம்பியை விடவில்லை. உள்ளங்கையில் பிற்பாடு கொப்புளம் கண்டது.

தாழ்ப்பாள் விலகியது. அண்ணன் வெளியே வந்தார். மேஸ்திரி ஒரு கையையும் கரிக்காரர் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, கூடவே நடந்தார். முற்றத்தில் தேய்ப்புக்கூடத்துப் பெண்கள் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார்கள். எதற்கு வெளியே வந்தோம் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. பாதி தேய்த்த விரிப்பைக் கையோடு கொண்டுவந்துவிட்ட ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"என்னண்ணே, இன்னைக்கு ஆவி ஜாஸ்தியாப் போச்சா?"

அண்ணன் அவள் கையிலிருந்த வெள்ளை விரிப்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்தது.

வேலை போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டம்மா பக்கத்துக்காரரிடம் கொஞ்ச நாளைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். கடைப் பலகையைக்கூட அவளால் பயமில்லாமல் படிக்க முடியவில்லை. சொற்கள் தன்னை எதற்கோ கூப்பிடுகிற மாதிரி சில சமயம் அவளுக்கே தோன்றும். உடனே தலையை உதறிக்கொண்டு சத்தமாக ஏதாவது வேலையை ஆரம்பிப்பாள். இதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

பார்வையாளர் நேரத்தில் வாரம் தவறாமல் போனாள். முதலில் அண்ணன் முகம் கொடுக்கவேயில்லை; சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவள் கொண்டுபோன பழத்தை உரித்து வைத்துவிட்டு, நேரம் முடிந்ததும் வருவாள். காட்டிக்கொடுத்தவள் நான்தானே என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வருவாள்.

வெயில் வர ஆரம்பித்திருந்த ஒரு நாள், அவர் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். முகம் சவரம் செய்யப்பட்டிருந்தது.

"மாப்ள எப்படி இருக்கார்?"

"இருக்கார். வண்டி ஓட்டறார், வாய் ஓட்டறார்."

அவர் உதடு லேசாக அசைந்தது. 

"இங்க டாக்டரம்மா தினமும் கேள்வி கேக்கறாங்க, பாப்பா. இன்னைக்கு என்ன கிழமை, இது என்ன மாசம், நூறுல ஏழு போனா எவ்வளவு, அதுலேர்ந்து இன்னும் ஏழு போனா எவ்வளவு."

 மறுபடியும் எண்களா? அடுத்து என்ன வரப்போகிறதோ என்று பழத்தைப் பிடித்த கட்டம்மாவின் கை அப்படியே நின்றது. "நீ சொல்றியா?"

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒம்பது. கடைசி வரைக்கும் போவேன். அதெல்லாம் தப்பு விடறதில்ல." அவர் தன் இரண்டு கையையும் முழங்காலில் பதித்துக்கொண்டார். "ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமலே இருந்தேன். ‘உங்க மனைவி எங்க?’ன்னு கேப்பாங்க. தினமும் கேப்பாங்க. நான் பேசாம இருப்பேன். அவங்க எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க."

தாழ்வாரத்தில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேயும் வரை அவர் காத்திருந்தார்.

"இன்னைக்குச் சொன்னேன்."

"என்னண்ணா சொன்னே?"

"அவ செத்துப்போயிட்டான்னு சொன்னேன்."

அவர் தலையை நிமிர்த்தி அவள் முகத்தையே பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன. அந்தக் கண்களில் இருந்த பயத்தைப் போல ஒரு பயத்தை அவள் பாய்லர் கூடத்திலும் பார்த்ததில்லை.

"சரியா, பாப்பா?"

வேறு எதையாவது சொல்ல முடிந்தால் தன் உயிரையே கொடுத்திருப்பாள். பழத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிதாண்ணா" என்றாள்.